ஈரலுக்கு வைத்த பச்சைப் புள்ளி

மருத்துவ முகாம் வண்டியில் புதிதாக வேலைக்கு ஏறப்போகும் பெண்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மை யாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. இது தெரிந்திருந்தால் பாதிக் களைப்பு குறையும். கம்பெனிக்குள் வண்டியை நிறுத்தி, கட்டிலை இறக்கி, திரையைக் கட்டி முடித்ததும் பெண்கள் வருவார்கள். உடம்பைக் காட்ட வருகிறவர்கள் குறைவு. மெஷினை விட்டுக் கொஞ்ச நேரம் உட்காரலாம், நம் மின்விசிறியில் வியர்வை காயும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி வந்து உட்கார்ந்தவள்தான்.

எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டேன். சூளையில் கல் சுமந்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டினேன். ஊத்துக்கோட்டையில் ஓர் ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன். ஒரே இடத்தில் இருக்கச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். கல்யாணம் ஆனது. அவர் நெல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போனார், திரும்பவில்லை. நானும் தேடிப் போகவில்லை. கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆயா வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் இந்த முகாம் வண்டிக்கு வந்தேன். வேலையே ஊர் ஊராகப் போவதால் நான் ஓட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. முழங்கால் ஒத்துழைக்கும்வரை இதில் இருந்தேன்.

திரை கட்டுவதையும் கட்டில் துடைப்பதையும் நீங்கள் இரண்டு நாளில் கற்றுக்கொள்வீர்கள். நான் எழுத நினைத்தது ஒரு நாளைப் பற்றி.

அதற்கு முன் ஈரலைப் பற்றிக் கொஞ்சம். நம் பக்கத்தில் ஈரல் கெட்டது என்றால் குடித்துக் கெட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு தெருவிலும் அப்படிச் செத்த ஒரு ஆண் இருக்கிறான். அதனால் ஒரு பெண்ணிடம் போய், உன் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று சொன்னால் அவளுக்கு முதலில் நோய் பயம் வராது. மாமியார் என்ன நினைப்பாள் என்ற பயம்தான் வரும். நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டால் அவள் அடுத்த முகாமுக்கு வரமாட்டாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அன்றைக்கு நாங்கள் போனது சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனிக்கு. பொங்கல் முடிந்திருந்தது. பெண்களுக்கு வயிற்று ஸ்கேன், சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை. மார்பகம் பார்க்க ஒரே ஒரு லேடி டாக்டர். அவரோடு நான் திரைக்குள்ளே. வெளியே வரிசையைப் பார்த்துக்கொள்ள முகாம் மேனேஜர். இளம் வயது, கெட்டவர் இல்லை, எப்போதும் அவசரம். சீட்டு எழுதிக் கொடுத்தால் பெண்கள் தொலைத்துவிடுகிறார்கள் என்று அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். ஸ்கேன் முடிந்ததும் புறங்கையில் மார்க்கரால் ஒரு புள்ளி. ஈரல் சரியாக இருந்தால் பச்சை. கொழுப்பு இருந்தால் சிவப்பு. சிவப்புப் புள்ளிக்காரர்கள் டாக்டரிடம் சாப்பாட்டு யோசனை கேட்டுவிட்டுப் போக வேண்டும். இதற்குத்தான் அந்தப் புள்ளி.

முதல் சிவப்பு, கேண்டீனைப் பார்த்துக்கொள்ளும் பத்மாவதிக்கு. ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலம் வைத்து நெல் போடும் குடும்பம். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஈரல் என்று டாக்டர் சொன்னதும் எழுந்தே விட்டாள்.

"எனக்கா? மேடம், எங்கூட்டுப் பக்கம் பாட்டில் வந்ததே இல்ல. வேற யார் படத்தையோ பாத்துட்டு சொல்றீங்க."

திரைக்கு வெளியே நின்றிருந்தவர்களில் ஒருத்தி, "கேண்டீன்ல மிச்ச சாம்பார்ல இன்னாக்கா கலந்து குடிக்கிற?" என்றாள். கொல்லென்று சிரிப்பு.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "குடிக்காதவங்களுக்கும் வரும்மா. எடை, சர்க்கரை, சோறு அதிகம், நடை கம்மி. இப்ப கவனிச்சா குறையும்." பிறகு இன்னொன்றும் சொன்னார். "ஈரல்ல கொழுப்பு இருக்கிற பெண்கள்ல மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலா தெரியுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அது இது ரெண்டுக்கும் எடையும் சர்க்கரையும் பொதுவா இருக்கறதாலயா, வேற காரணமான்னு இன்னும் சரியா தெரியல. உங்களுக்கு வந்துடும்னு அர்த்தம் இல்ல. வந்ததுக்கு மார்பையும் பாத்துடலாம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. பத்மாவதிக்குப் பார்த்தார், ஒன்றும் இல்லை. அவளும் ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் போனாள். ஆனால் டாக்டர் சொன்ன நாலு வாக்கியத்தில் அவள் வெளியே கொண்டுபோனது ஒன்றை மட்டும். டீ நேரம் முடிவதற்குள் கம்பெனி முழுக்க அதுதான் பேச்சு. ஈரலில் கொழுப்பு இருந்தால் மாரில் கேன்சர்.

அடுத்து நடந்ததை நான் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அப்போது திரைக்குள் இருந்தேன். சிவப்புப் புள்ளி வாங்கிய பெண்கள் அழ ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். மெஷின்கள் நின்றன. கம்பெனி அதிகாரி வந்து மேனேஜரைக் கிழித்தார். மேனேஜருக்கு அந்த நெருக்கடியில் ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. சிவப்பெல்லாம் மார்பகம் பார்க்க இந்த வரிசை. பச்சையெல்லாம் வேலைக்குத் திரும்பலாம். ஒரு டாக்டர், கொஞ்ச நேரம், பயந்துபோன இத்தனை பேர். யார் அந்த இடத்தில் நின்றாலும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கூட்டம் அடங்கியது. மெஷின்கள் ஓடின.

திரைக்குள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்தாள். பயத்தில் ஊக்கைக் கழற்ற முடியாதவர்களுக்கு நான் கழற்றிவிட்டேன். டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. கடைசிப் பெண் போனபோது ஷிப்ட் முடியும் நேரம். டாக்டர் வண்டியின் முன் சீட்டில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மடக்குக் கட்டிலை ஏற்றத் தூக்கினேன். மறுபக்கத்தை யாரோ பிடித்தார்கள். எஸ்தர் என்று ஒரு பெண். இங்கே பக்கத்து ஆரணியிலிருந்து வருகிறவள், காண்டிராக்டில் பெட்டி தூக்கும் வேலை. நாற்பது சொச்சம் இருக்கும். ஒல்லி. கட்டிலை என்னைவிடச் சுலபமாகத் தூக்கினாள்.

"விடும்மா, உன் பஸ்ஸு போயிடப்போவுது."

"போவாதுக்கா. டிரைவரு இன்னும் டீ குடிச்சிகினு கீறாரு." முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்குத்தாங்கா நிம்மதியா தூங்கப்போறேன்."

"ஏன், ஊட்டுக்காரரு ஊர்ல இல்லியா?"

"அய்ய, போக்கா." கட்டிலை உள்ளே தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கினாள். "தீபாவளிக்கு முன்னாடியிலேர்ந்து மார்ல ஒரு கட்டிக்கா. கல்லு மாதிரி கீது. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊர்ல ஆம்பள டாக்டரு, எப்படிக் காட்றது? லேடி டாக்டரு வர்றாங்கன்னு கேள்விப்பட்டு ஷிப்ட்டு மாத்திகினு வந்தேன். பயந்துகினே ஸ்கேன்ல படுத்தேன். பச்ச வெச்சிட்டாங்க பாரு!" புறங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஈரல்ல கொழுப்பே இல்லியாம். அப்ப இது வெறும் சூட்டுக் கட்டிதான். கஞ்சி குடிச்சி வளந்ததுக்கு இன்னிக்காவது ஒரு நல்லது நடந்துச்சே."

நான் அந்தக் கையையே பார்த்தேன். திரைக்கு வெளியே நடந்த ஏற்பாடு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பகல் முழுக்க உள்ளே வந்த கைகள் எல்லாம் சிவப்பு. இந்தக் கம்பெனியில் டாக்டரைத் தேடி வந்த ஒரே பெண்ணை நாம் சந்தோஷமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். ஐயோ என்று நான் கத்தியிருந்தால் அவள் பயந்து பஸ் ஏறியிருப்பாள், ஏறினவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள். அன்றைக்குப் பயம் என்ன செய்யும் என்பதைக் காலையிலிருந்து பார்த்துவிட்டேன். உனக்குக் கேன்சர் என்று சொல்ல நான் யார்? எனக்கு என்ன தெரியும்? ஒன்றுமில்லை, போய்வா என்று சொல்லவும் எனக்குத் தெரியாது. அவளுக்கும் டாக்டருக்கும் நடுவே இருந்தது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அவள் கையைப் பிடித்துத் துடைத்தேன்.

"ஏங்கா அழிக்கிற? அது என் சர்ட்டிபிகேட்டு!"

"இது உன் ஈரலுக்கு வெச்சது. ஈரல் எங்க கீது, தெரியுமா?"

விலாவுக்குக் கீழே வலப்பக்கம் தொட்டுக் காட்டினேன்.

"கட்டி எங்க கீது?"

இடப்பக்க மார்பின் மேல் கையை வைத்தாள்.

"அத யாரு பாத்தாங்க?"

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. "யாரும் பாக்கல," என்றாள்.

பஸ் ஹாரன் அடித்தது. மேனேஜர் ஓடிவந்தார். "இன்னும் என்னக்கா? கிளம்பலாம். இவங்க பச்சையா, சிவப்பா?"

"இப்ப ரெண்டும் இல்ல சார். டாக்டர் பாக்கணும்."

"எல்லாத்தையும் ஏத்தியாச்சு. நாளைக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அங்கதான் எல்லா வசதியும் இருக்கு."

அவர் சொன்னதும் சரிதான். ஆனால் அவள் போகமாட்டாள். போகிறவளாக இருந்தால் தீபாவளிக்கே போயிருப்பாள். எஸ்தர் ஏற்கனவே பஸ்ஸைப் பார்த்து ஒரு கால் எடுத்து வைத்துவிட்டாள். "பரவால்லக்கா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம். பஸ்ஸ வுட்டா ஆட்டோ மாறி மாறி ஊடு போறதுக்குள்ள பேஜாரு."

எங்கள் வண்டி ஓட்டுநர் கேட்டருகில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சூலூர்பேட்டைக்காரர். சின்னவர் பெரியவர் எல்லாரையும் நைனா என்று கூப்பிடுவார், அதனால் நாங்களும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். அவர் நேராக வண்டிக்குப் போனார். ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து, கேட்டுக்கு நேர் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி பானெட்டைத் தூக்கினார்.

"யோவ், வண்டிய எடுய்யா! ஊட்ல போயி அடுப்பு பத்த வெக்கணும்!" பஸ்ஸிலிருந்து கத்தினார்கள்.

"இன்னா பண்றது நைனா, செல்ப் எடுக்கல!"

பத்மாவதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இன்னா நைனா, உன் வண்டிக்கும் ஈரல்ல கொழுப்பா?"

சிரிப்பிலும் கூச்சலிலும் நான் எஸ்தரின் கையைப் பிடித்து வண்டிக்குள் ஏற்றினேன். டாக்டர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த அலுப்பை நான் என்றும் மறக்கமாட்டேன். "தீபாவளியிலேர்ந்து கட்டி மேடம், வலி இல்லியாம்," என்றேன். அவ்வளவுதான். செருப்புகூடப் போடாமல் பின்னால் வந்துவிட்டார்.

கட்டிலைப் பாதி விரித்தோம். நான் பெட்ஷீட்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றேன். பல வருஷம் உடன் நின்றதில் டாக்டரின் விரல்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். முகம் எதையும் காட்டாது. விரல்கள் ஒரு இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, அங்கே நின்றன. அக்குளில் இன்னொரு முறை நின்றன.

"கட்டி இருக்கும்மா," என்றார். "அது என்னன்னு கைய வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. படம் எடுக்கணும். ஊசில கொஞ்சம் எடுத்துப் பாக்கணும். தள்ளிப்போடாதீங்க. நாளைக்கே போங்க."

எஸ்தர் எழுந்து உட்கார்ந்தாள். "எனக்குத்தான் ஈரல்ல கொழுப்பே இல்லியே மேடம்."

"கொழுப்பு இல்லாதவங்களுக்கும் மார்பு இருக்கேம்மா."

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், மேலே பார்த்துக்கொண்டு. நாளைக்கு லோடு வருகிறது, காண்டிராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவான், ஆஸ்பத்திரியில் எங்கே நிற்பது என்றுகூடத் தெரியாது என்று என்னென்னவோ சொன்னாள். நான் கூட வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டிக் கதவு திறந்தது. கூச்சல் போட்டு அலுத்துப்போன பத்மாவதி இறங்கி வந்திருந்தாள், சண்டை போட. எஸ்தரின் முகத்தைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் வாய் மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

"எனக்கும் சக்கர பாக்கணும்னு சொல்லிகீறாங்க," என்றாள் கடைசியில். "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போலாம் மே. எங்கூட்ல கேட்டா ஈரலுக்குப் போறேன்னு சொல்லிக்கிறேன். உங்கூட்ல கேட்டா எனக்குத் துணைக்குப் போறேன்னு சொல்லு."

வெளியே நைனா பானெட்டை மூடும் சத்தம் கேட்டது. செல்ப் எடுத்துவிட்டது.

திரும்பும்போது டாக்டர் மேனேஜரைத் திட்டவில்லை. "நான் சொன்னது பொய் இல்ல," என்று ஜன்னலைப் பார்த்துத் தனக்கே சொல்வதுபோல் சொன்னார். "கொழுப்பு இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் அதிகம்னு சொன்னேன். இல்லாதவங்களுக்கு வரவே வராதுன்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க." மேனேஜர் பையிலிருந்து மார்க்கர்களை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் யார் கையிலும் புள்ளி வைக்கவில்லை.

எஸ்தருக்கு அது புற்றுநோய்தான். அறுவை செய்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. பிறகு கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் எல்லாரும் அப்படிச் சொல்வார்கள். காண்டிராக்டர் அவள் சொன்னபடியே வேறு ஆளைப் போட்டான். நான் இரண்டு முறை கூடப் போனேன். மற்ற நாட்களில் பத்மாவதி போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் போட்ட சத்தத்துக்கு நர்சுகள் வழிவிட்டார்கள் என்று கேள்வி. எஸ்தர் பிழைத்துவிட்டாள் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இந்த வேலையில் அந்தச் சொல்லை அவசரமாகப் பயன்படுத்தி ஏமாந்திருக்கிறேன். இருக்கிறாள். மறுபரிசோதனைக்குத் தவறாமல் போகிறாள். அதே கம்பெனியில் இப்போது லேபிள் ஒட்டுகிறாள்.

பத்மாவதிக்கு ஈரல் கொழுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மார்பில் இன்றுவரை ஒன்றும் இல்லை. வீட்டில் மூட்டை மூட்டையாக நெல்லை அடுக்கி வைத்துவிட்டு நான் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேனே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறாள். ஒருமுறை என்னிடம் கேட்டாள். "கொழுப்பு எனக்கு. கட்டி அவளுக்கு. இது இன்னாக்கா நாயம்?"   சிவப்பு வரிசையில் அன்று ஒருவருக்கும் ஒன்றும் இல்லாமல் போனதால் டாக்டர் சொன்ன அந்தத் தொடர்பு பொய்யாகிவிடாது. எஸ்தருக்கு வந்ததாலும் பொய்யாகிவிடாது. ஈரலில் கொழுப்பு உள்ளவளை மார்பையும் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாதவளை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். கட்டி இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம், முதலில் அவளை உள்ளே விடுங்கள்.

நான் வேலையை விட்ட வருஷம், அதே டப்பா கம்பெனியில் முகாம் போட்டோம். மேனேஜர் மாறியிருந்தார். இவரும் இளம் வயது, கெட்டவர் இல்லை, எப்போதும் அவசரம். கூட்டத்தைப் பார்த்தார். பழைய பையைத் துழாவினார். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, மூடியைக் கழற்றினார்.

"கைய நீட்டுங்கம்மா, ஈரலுக்கு ஒரு புள்ளி."

வரிசையின் முன்னால் எஸ்தர் நின்றிருந்தாள். முடி வளர்ந்து காதைத் தொட்டிருந்தது.  இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பத்மாவதியும் கட்டிக்கொண்டாள். அதற்குப் பின்னால் நின்றவள் ஏன் என்று கேட்டாள், யாரோ காதில் சொன்னார்கள், அவளும் கட்டிக்கொண்டாள். அப்படியே வரிசை முழுக்கப் போயிற்று.

மேனேஜர் மார்க்கரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் திரையை விலக்கினேன்.

"ஒவ்வொருத்தரா வாங்கம்மா," என்றேன். "எல்லாரும்."